ஒரே தெருவில் ஒன்பது கிலோமீட்டர்: ஒரு போலந்து கிராமத்தின் நிலத்தை வாசிப்பது எப்படி?

சில ஆண்டுகளாக இணையத்தில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரோன் வைத்து மேலிருந்து எடுத்தது. நடுவில் வளைந்து வளைந்து போகும் ஒரு தெரு. தெருவின் இருபுறமும் வீட்டுக் கூரைகள். கூரைகளுக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளும் பழுப்புமாக, ரிப்பன்களை விரித்து வைத்தது போல நீள நீளமான வயல்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ஆறாயிரம் பேர் ஒரே தெருவில் வாழும் ஊர். பார்க்கிறோம், வியக்கிறோம், நாலு பேருக்கு அனுப்புகிறோம். ஊர் ஏன் அப்படி நீண்டு கிடக்கிறது, வயல்கள் ஏன் அத்தனை ஒல்லியாக இருக்கின்றன என்பதை அந்தப் பதிவுகள் சொல்வதில்லை. எனக்கோ படத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

அந்த ஊர் சுவோஷோவா. போலந்தின் தெற்கே, மாவோபோல்ஸ்கா மாகாணத்தில், பழைய தலைநகரான கிராகோவிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஓல்குஷ், இன்னொரு பக்கம் ஸ்காவா. இந்த இரண்டு சிறு நகரங்களையும் இணைக்கும் சாலை ஊரின் முதுகெலும்பாக நடுவே ஓடுகிறது. ஊரின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர்.

முதலில் அந்த ஆறாயிரத்தைச் சரிசெய்துவிடலாம். போலந்தில் மாகாணத்துக்குக் கீழே மாவட்டம், மாவட்டத்துக்குக் கீழே ‘க்மினா’ என்று ஓர் அலகு உண்டு. நம் ஊராட்சி ஒன்றியத்தைவிடச் சிறியது, ஒற்றை ஊராட்சியைவிடப் பொதுவாகப் பெரியது. இணையத்தில் சொல்லப்படும் எண்ணிக்கை சுவோஷோவா க்மினா முழுவதற்கும் பொருந்துவது. அந்த க்மினாவில் வியெல்மோஜா, வோலா கலினோவ்ஸ்கா என்ற வேறு ஊர்களும் இருக்கின்றன. நெடுந்தெருவில் மட்டும் வாழ்பவர்கள் அதைவிடக் குறைவு. அதோடு, ஒரே தெரு என்பதும் முழு உண்மையல்ல. கிளைத் தெருக்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகள் அந்த ஒரே கோட்டின் மேல்தான் நிற்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை.

இத்தனை பெரிய ஊரைக் கிராமம் என்று சொல்லலாமா? போலந்தில் நகரம், கிராமம் என்பது ஆள் கணக்கை வைத்து முடிவாவதில்லை. அது அரசு தரும் ஒரு தகுதி. பியெல்ஸ்கோ-பியாவா நகரத்துக்குப் பக்கத்தில் கோஸி என்ற ஊரில் 12,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அது இன்றும் கிராமம்தான். விஸ்துலா நதிக்கரையில் இருக்கும் ஓபதோவியெட்ஸில் நானூறு பேர்கூட இல்லை. 2019இல் மீண்டும் நகரத் தகுதி பெற்றுவிட்டது. ‘மீண்டும்’ என்றால் முன்பு இருந்ததை இழந்திருக்க வேண்டுமே? அந்தக் கதை பின்னால் வருகிறது, சுவோஷோவாவின் வயல்களோடு நேரடித் தொடர்பும் அதற்கு உண்டு.

ஊரின் உருவத்தைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். தண்ணீர் எங்கே கிடைத்தது? நிலத்தை எப்படி அளந்து கொடுத்தார்கள்? கொடுத்த நிலம் கடைசியில் யார் கையில் தங்கியது?

தண்ணீர் காட்டிய வழி

சுவோஷோவா இருக்கும் மேட்டுநிலத்துக்கு ஓல்குஷ் மேட்டுநிலம் என்று பெயர். கிராகோவிலிருந்து செங்ஸ்டோஹோவா வரை நீளும் பெரிய சுண்ணாம்புக்கல் மேட்டின் ஒரு பகுதி அது. போலந்துக்காரர்கள் இந்த மேட்டைச் சுருக்கமாக ‘யூரா’ என்பார்கள். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதன் அடியில் கடற்பஞ்சுகளும் சிப்பிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சேர்ந்து கல்லாகின. கடல் போய்விட்டது, கல் தங்கிவிட்டது.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் கல்லின் விரிசல்களில் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, விரிசலைப் பெரிதாக்குகிறது. விரிசல் குழாயாகும், குழாய் குகையாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்தும் மேட்டின் தலையில் ஓடை எதையும் எளிதில் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். பெய்த நீர் கீழே இறங்கிவிடும். மேட்டில் கிணறு வெட்டினால் மிக ஆழமாகப் போக வேண்டும். குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் அங்கே குடியிருப்பது எத்தனை பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இறங்கிய நீர் எங்கோ ஓரிடத்தில் வெளியே வர வேண்டுமல்லவா? பள்ளத்தாக்கின் அடியில் அது ஊற்றாக வருகிறது. சுவோஷோவாவுக்குள் இப்படிப் பிறப்பதுதான் பிரோன்ட்னிக் என்ற சிற்றாறு. ஊரைத் தாண்டித் தென்கிழக்கே திரும்பி, பாறைகளுக்கு நடுவே நுழைந்து, சுமார் 34 கிலோமீட்டர் ஓடி, கிராகோவ் நகருக்குள் விஸ்துலாவில் கலக்கிறது. நகரத்துக்குள் அதன் கடைசிப் பகுதியைப் பியாவுஹா என்ற வேறு பெயரில் அழைக்கிறார்கள்.

ஆக, மேட்டில் நீர் இல்லை, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. குடியேற வந்தவர்கள் பள்ளத்தாக்கின் கோட்டைப் பிடித்துக்கொண்டே வீடு கட்டினார்கள். தெரு வளைந்து வளைந்து போவதன் காரணமும் அதுவே. தெருவின் அந்த வளைவுகளை மனிதர் வகுப்பதற்கு முன்பே பள்ளத்தாக்கு வகுத்துவிட்டது.

மேட்டில் நீர் இல்லாவிட்டாலும் நல்ல மண் இருக்கிறது. பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் வடக்கே பெரும் பனிப்பாளம் படுத்துக் கிடந்தது. அது இந்த மேடு வரைக்கும் வரவில்லை. ஆனால் அதன் முன்னால் கிடந்த வெற்று நிலத்திலிருந்து காற்று மாவு போன்ற புழுதியை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டியது. புவியியலில் இதற்கு லோயஸ் என்று பெயர். வெளிர்மஞ்சள் நிறம், கல் கலக்காத மிருதுவான மண், ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஏர் சுலபமாகப் போகும். சுண்ணாம்புப் பாறையின் மேல் இந்தப் போர்வை விழுந்திராவிட்டால் இந்த மேடு ஆடு மேய்க்கத்தான் ஆகியிருக்கும். கோதுமையும் வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இங்கே விளைவதற்கு அந்தப் பழைய காற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

குடியிருக்கக் கீழே, பயிர் செய்ய மேலே. இந்த இரண்டையும் ஒரே குடும்பத்துக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் அடுத்த சிக்கல்.

கயிறு பிடித்து அளந்தவர்கள்

1241இல் மங்கோலியப் படை தெற்குப் போலந்தைச் சூறையாடியது. கிராகோவ் எரிந்தது. அதன்பின் வந்த அரசர்களுக்கும் திருச்சபை மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் கையில் காடு நிறைய இருந்தது, வரி கட்டும் குடியானவர்தான் போதவில்லை. அதனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ‘ஜெர்மானியச் சட்டம்’ என்று சொல்லப்படும் முறையில் ஊர்களைப் புதிதாக அமைத்தார்கள், பழைய ஊர்களையும் ஒழுங்கு செய்தார்கள். சட்டத்தின் பெயரில் ஜெர்மனி இருப்பதால் குடியேறியவர்கள் எல்லாரும் ஜெர்மானியர் என்று நினைத்துவிடக் கூடாது. போலந்துக் குடியானவர்களும் ஏராளமாக இந்த முறையில் குடியேறினார்கள்.

இதற்கு ஓர் ஒப்பந்தக்காரர் இருந்தார். நிலவுடைமையாளரிடம் பேசி முடித்து, ஆட்களைத் திரட்டி வந்து, நிலத்தை அளந்து பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. காட்டை வெட்டித் திருத்த வேண்டியிருப்பதால் முதல் சில ஆண்டுகளுக்கு வாரமோ வரியோ கிடையாது. அதன்பின் நிர்ணயித்த அளவு கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரே பெரும்பாலும் ஊர்த்தலைவராகவும் ஆகிவிடுவார். அந்தத் தலைவர் பதவியின் பெயரான ‘சோவ்டிஸ்’ இன்றும் அப்படியே இருக்கிறது. போலந்துக் கிராமத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரின் வீட்டு வேலியில் அந்தச் சொல் எழுதிய சிறு பலகை தொங்கும். ஏழு நூற்றாண்டுப் பழைய பதவி அது. இப்போது அவர் தெருவிளக்குக்கும் சாலைக் குழிக்கும் க்மினா அலுவலகத்தில் போய் நிற்கிறார்.

அளந்த முறைக்கு வருவோம். காடு வெட்டித் திருத்திய மேட்டுப் பகுதிகளில் அதிகம் புழங்கியது ஃபிராங்கிய அளவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு ஏறத்தாழ 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இதைச் சதுரமாகக் கொடுத்தால் ஒருவருக்கு ஓடைக்கரை கிடைக்கும், இன்னொருவருக்கு வறண்ட மேடு மட்டும் கிடைக்கும். சண்டை வரும். அதனால் பள்ளத்தாக்கின் அடியில் தொடங்கி, சரிவில் ஏறி, மேட்டின் உச்சியில் காட்டெல்லை வரை போகும் நீண்ட பட்டையாக அளந்தார்கள். ஒவ்வொரு பட்டையிலும் கீழே ஓடையும் புல்வெளியும், அதற்கு மேல் வீடும் தோட்டமும், சரிவில் வயல், உச்சியில் விறகுக்குக் காடு. யாரும் ஏமாறவில்லை. அவரவர் வீடு அவரவர் பட்டையிலேயே, தெரு ஓரமாக நிற்கும். பக்கத்துப் பட்டையில் பக்கத்து வீடு. இப்படியே பள்ளத்தாக்கு நெடுகப் போனால் என்ன ஆகும்? சங்கிலிக் கண்ணிகள் போல வீடுகள் நீளும். போலந்துப் புவியியலில் இந்த வகையைச் சங்கிலி ஊர் என்றே சொல்கிறார்கள்.

போலந்தின் எல்லா ஊர்களும் இப்படி அல்ல. சமவெளியில் வேறு வகை அதிகம். அங்கே வீடுகள் தெருவின் இருபுறமும் நெருக்கமாகக் கூடி இருக்கும், ஒவ்வொருவருக்கும் நிலம் ஊரைச் சுற்றியுள்ள பெரிய வெளிகளில் துண்டு துண்டாக இருக்கும். சில ஊர்களில் தெரு நடுவில் அகன்று முட்டை வடிவத் திடலாகும். அங்கே குளமோ தேவாலயமோ இருக்கும். இன்னும் சில இடங்களில் வீடுகள் தனித்தனியே வயல்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும். வரைபடத்தில் ஓர் ஊரின் வடிவத்தைப் பார்த்தால் அது எந்தக் காலத்தில், எந்த மாதிரி நிலத்தில் அளக்கப்பட்டது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, 24 ஹெக்டேர் பட்டை என்றால் எத்தனை அகலம்? கணக்குக்காக நீளம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 120 மீட்டர் வரும். ஆனால் படத்தில் தெரியும் வயல்கள் அதைவிட எத்தனையோ மடங்கு ஒல்லி. இடையில் நடந்தது பாகப்பிரிவினை.

தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் பட்டையைக் குறுக்கே வெட்ட முடியாது. வெட்டினால் ஒருவனுக்குத் தண்ணீர், ஒருவனுக்கு மேடு. ஆரம்பத்தில் பட்டையாக அளந்ததன் நோக்கமே போய்விடும். ஆகவே நீளவாக்கில் வெட்டினார்கள். 120 மீட்டர் 60 ஆகும், அடுத்த தலைமுறையில் 30, அதற்கடுத்து 15. நீளம் மாறவே மாறாது. இருவருக்கும் தெருவில் ஒரு முகப்பு, ஓடையில் ஒரு பங்கு, மேட்டில் ஒரு பங்கு. நியாயம் காப்பாற்றப்பட்டது, நிலம் நாடாவாகிவிட்டது. தெருவில் வீடுகள் நெருங்கியதும் இதனால்தான்: பட்டை பிரியப் பிரிய ஒவ்வொரு நாடாவின் தலைப்பிலும் ஒரு வீடு முளைத்தது.

கோட்டையும் குடியானவரும்

இந்த நிலம் நெடுங்காலம் உழுதவரின் சொத்தாக இருக்கவில்லை. ஊரின் தென்கிழக்கு முனையில், பிரோன்ட்னிக் பாறைகளுக்குள் நுழையும் இடத்தில், பியெஸ்கோவா ஸ்காவா கோட்டை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் மாமன்னர் காசிமிர் யூரா மேட்டின் பாறை உச்சிகளில் வரிசையாகக் கட்டுவித்த காவல் கோட்டைகளில் அதுவும் ஒன்று. ‘கழுகுக் கூடுகள்’ என்று அந்த வரிசைக்குப் பெயர். பின்னர் ஷாஃப்ரானியெட்ஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1540களில் அவர்கள் அதை மறுமலர்ச்சிக்காலப் பாணியில், வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த முற்றத்தோடு மாளிகையாக மாற்றினார்கள். இன்று அது கிராகோவின் வாவெல் அரண்மனை அருங்காட்சியகத்தின் ஒரு கிளை.

அழகான கட்டடம்தான். ஆனால் அந்த முற்றத்தில் நிற்கும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டு முதல் போலந்துப் பிரபுக்கள் மேற்கு ஐரோப்பாவுக்குத் தானியம் விற்றுச் செழித்தார்கள். அதற்காகக் குடியானவர்களைத் தங்கள் பண்ணையில் வாரத்துக்கு இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். குடியானவர் பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகவும் முடியாது. அவர் உழுத பட்டையில் அவருக்கு உழைக்கும் உரிமைதான் இருந்தது, உடைமை இல்லை.

இது முடிந்தது 1864இல். அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. 1815க்குப் பிறகு இந்தப் பகுதி ரஷ்யப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. கிராகோவ் அவர் ஆட்சிக்கு வெளியே. 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு நாட்டெல்லை குறுக்கே விழுந்தது. 1863 ஜனவரியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் தொடக்கத்தில் பியெஸ்கோவா ஸ்காவாவிலும் அடுத்துள்ள ஸ்காவா நகரிலும் சண்டை நடந்தது. ரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்து, கிளர்ச்சியாளர் பக்கம் வந்து சேர்ந்த உக்ரைனியரான ஆந்திரி பொடெப்னியா ஸ்காவா சண்டையில் உயிரிழந்தார். அவர் கல்லறை அந்நகரத்து மயானத்தில் இருக்கிறது.

கிளர்ச்சித் தலைவர்கள் குடியானவரிடம், உழுத நிலம் உங்களுக்கே என்று அறிவித்திருந்தார்கள். குடியானவர் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று ரஷ்யப் பேரரசர் 1864 மார்ச்சில் தானே அதே நிலத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பட்டைகள் உழுதவரின் சொந்தமாயின. இன்னொரு கையால் தண்டனையும் கொடுத்தார்: கிளர்ச்சிக்குப் பின் சில ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களின் நகரத் தகுதியைப் பறித்தார்கள். முதலில் சொன்ன ஓபதோவியெட்ஸ் அப்படி இழந்த ஊர்களில் ஒன்று, ஸ்காவாவும் அப்படித்தான்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. கிழக்கு ஐரோப்பாவெங்கும் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் வந்தன. செக்கோஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் கிழக்கு ஜெர்மனியிலும் தனியார் வயல்களின் வரப்புகளை அழித்துப் பெரும் கூட்டுப்பண்ணைகளாக்கினார்கள். போலந்திலும் 1948 முதல் அதே முயற்சி நடந்தது. குடியானவர்கள் பிடிகொடுக்கவில்லை. 1956இல் அரசியல் காற்று மாறியதும் ஏறத்தாழ பத்தாயிரமாக இருந்த கூட்டுப்பண்ணைகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் கலைந்துவிட்டன. அரசுப் பண்ணைகள் பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலும், போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து வந்த நிலங்களில் இருந்தன. மாவோபோல்ஸ்காவில் நிலம் பெரும்பாலும் குடும்பங்களிடமே தங்கியது. டிரோன் படத்தில் வண்ண வண்ணமாகத் தெரியும் ஒவ்வொரு நாடாவும் அந்தப் பிடிவாதத்தின் மிச்சம். அக்கம்பக்கத்தில் வெவ்வேறு பயிர், வெவ்வேறு விதைப்பு நாள், வெவ்வேறு உடைமையாளர். வண்ணம் மாறுவது அதனால்தான். இந்தப் படத்தை வெறும் இயற்கைக் காட்சியாகப் பகிர்கிறபோது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பள்ளத்தாக்கில் இறங்கினால்

கோட்டைக்குக் கீழே நிலம் சட்டென்று வேறாகிவிடுகிறது. வயல்கள் மறைந்து, இருபுறமும் வெண்சாம்பல் நிறப் பாறைச் சுவர்கள் எழுகின்றன. கோட்டைக்குப் பக்கத்தில் அடி ஒல்லியாகவும் தலை பருத்தும் 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு தனிப் பாறை நிற்கிறது. ‘ஹெர்குலிஸின் கதாயுதம்’ என்கிறார்கள். போலந்து நாட்டார் கதைகளில் ட்வார்டோவ்ஸ்கி என்ற மந்திரவாதி வருவார். அவர் ஏவலில் பிசாசு கொண்டுவந்து தலைகீழாக நட்ட பாறை என்பது ஊர்க்கதை. உண்மையில், பழைய கடலில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் திரண்டு கட்டிய கெட்டியான கல் இது. சுற்றியிருந்த மெல்லிய அடுக்குக் கல் கரைந்து போக, கெட்டிக் கல் தனியே நின்றுவிட்டது.

இங்கிருந்து ஆற்றோடு தெற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்தால் ஓய்ட்சூஃப் என்ற சிற்றூர். இந்தப் பள்ளத்தாக்குதான் 1956இல் ஓய்ட்சூஃப் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர், போலந்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது. ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கான குகைகள் இருக்கின்றன. பூங்காவின் சின்னம் வௌவால். குளிர்காலம் முழுவதும் அவை குகைக்குள் உறங்குகின்றன. குகையின் உள்ளே வெயில்காலம் குளிர்காலம் எதுவும் பெரிதாக எட்டாது.

இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு மிகப் பிடித்தது சரிவுகளின் வேறுபாடு. சுவோஷோவா வட அட்சரேகை 50 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில் சாய்வாகத்தான் உச்சிக்கு வரும். தெற்கே பார்த்த பாறைச் சரிவில் வெயில் நேராக விழுந்து கல் சுடுகிறது. அங்கே புல்வெளிச் செடிகளும், இன்னும் தெற்கே உள்ள வெப்பமான நாடுகளில் வளர வேண்டியவையும் வாழ்கின்றன. எதிர்ச் சரிவில் வெயில் அதிகம் படுவதில்லை. பீச் மரக் காடு, ஈரப்பாசி, மலைப்பகுதிக்குரிய செடிகள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது, அதனால் கீழே மேட்டைவிடக் குளிர் அதிகம். மலையில் ஏற ஏறக் குளிரும் என்று படித்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு தட்பவெப்பங்கள். நடந்து போய்ப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் இந்த வேறுபாட்டைக் காட்டும் இடங்கள் அதிகமில்லை.

மனிதர் தடமும் இங்கே பழையது. ‘இருட்டுக் குகை’ என்று பெயர்பெற்ற குகையில் ஒரு நியாண்டர்தால் குழந்தையின் விரல் எலும்புகள் கிடைத்தன. வயது ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல். இன்னொரு குகைக்கு மன்னர் வோகியெடெக்கின் பெயர். அரியணைப் போட்டியில் விரட்டப்பட்டபோது அவர் அதற்குள் ஒளிந்திருந்ததாகவும், வாயிலில் சிலந்தி வலை பின்னியதால் துரத்தி வந்தவர்கள் திரும்பிப் போனதாகவும் கதை. 1829 கோடையில், 19 வயது ஷோபான் நண்பர்களோடு இந்தக் குகையைப் பார்க்க வந்தார். வண்டிக்காரர் வழி தவறி வண்டியை ஆற்றுக்குள்ளேயே விட்டுவிட, இசைமேதை தொப்பலாக நனைந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்திருக்கிறார். ஓய்ட்சூஃபில் ஆற்றின் இரு கரைகளையும் தொட்டு, நீருக்கு மேலே நிற்கும் மரத் தேவாலயம் ஒன்று உண்டு, 1901இல் வந்தது. ரஷ்யப் பேரரசர் ஓய்ட்சூஃப் நிலத்தில் தேவாலயம் கட்டக் கூடாது என்று தடுத்ததால், நிலத்தை விட்டுவிட்டு நீர்மேல் கட்டினார்கள் என்று மக்கள் சொல்கிறார்கள்.

நாடாக்களின் இன்றைய நிலை

அழகான வயல்கள் நல்ல வருமானம் தருகின்றனவா? பெரும்பாலும் இல்லை. போலந்தில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 11 ஹெக்டேருக்குச் சற்று மேல். மாவோபோல்ஸ்காவில் அது 4 ஹெக்டேரைச் சற்றுத்தான் தாண்டும். அதுவும் ஒரே இடத்தில் இருக்காது, கல்யாணத்திலும் பாகத்திலும் வந்த தனித்தனி நாடாக்களாக இருக்கும். டிராக்டரைத் திருப்பவே இடம் போதாது. ஒரு நாடாவை உழுதுவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் டீசல் தீரும்.

மண்ணுக்கும் ஒரு கேடு இருக்கிறது. சரிவில் உழுதால் குறுக்குவாட்டில் உழ வேண்டும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். ஆனால் மேலிருந்து கீழாக ஓடும் ஒல்லியான நாடாவில் குறுக்கே உழ வழியில்லை. உழவுசால் எல்லாம் பள்ளத்தாக்கை நோக்கியே இருக்கும். லோயஸ் மண்ணோ தண்ணீர் பட்டால் மாவாய்க் கரைந்துவிடும். கோடை இடிமழையில் அந்தச் சால்கள் வாய்க்கால்களாகி மண்ணைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். நாடாக்களுக்கு நடுவே விட்டுவைத்த புல் வரப்புகள்தான் அதைக் கொஞ்சமாவது தடுக்கின்றன. வரப்பைக் குறுக்கி இன்னும் ஒரு சால் உழுவது எத்தனை பெரிய நஷ்டம் என்பது ஒரே மழையில் தெரிந்துவிடும்.

நிலங்களை ஒன்றுசேர்த்து மறுபடி பங்கிட்டுக் கொடுக்கப் போலந்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஊராரின் சம்மதம் வேண்டும், தாத்தா உழுத நாடாவை எளிதில் யாரும் விடுவதில்லை. சிலர் அக்கம்பக்கத்து நாடாக்களைக் குத்தகைக்கு எடுத்து ஒன்றாக உழுகிறார்கள். படத்தில் சில வயல்கள் மற்றவற்றைவிட அகலமாகத் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கிராகோவ் பக்கத்தில் இருப்பதால் பலர் தினமும் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள், வயல் மாலையிலும் சனிக்கிழமையிலும் பார்க்கும் வேலையாகிவிட்டது. கிராகோவ் நகரத்துக்குள் 2019 செப்டம்பர் முதல் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்த முழுத் தடை பொருந்தாது, குளிர்கால இரவில் பழைய அடுப்புகளின் புகை, முன்பு சொன்ன அதே தேங்கிய குளிர்காற்றோடு பள்ளத்தாக்குகளில் படிந்துவிடுகிறது.

இதையெல்லாம் பார்க்கப் போலந்துக்குப் போக வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கிராகோவிலிருந்து வடமேற்கே நகருங்கள். நீளமான வளைந்த கோடும், இருபுறமும் சீப்புப் பற்களாக வயல்களும் தெரியும் இடம் சுவோஷோவா. அங்கிருந்து பிரோன்ட்னிக்கைத் தொடர்ந்து இறங்கினால் பச்சைக் காடாக ஓய்ட்சூஃப் வரும். அப்புறம் இன்னும் தெற்கே, நோவி தார்க் நகரத்தைத் தாண்டி, ஸ்லோவாக்கிய எல்லைக்குப் போங்கள். எல்லைக்கோடு காட்டும் வசதியை அணைத்துவிட்டே பாருங்கள். வடக்கே ஒல்லி நாடாக்கள், தெற்கே கூட்டுப்பண்ணைக் காலத்துப் பெரும் வயல்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தால், பல இடங்களில் அது நாட்டெல்லையின் மேலேயே இருக்கும்.